அப்பா அம்மாவுக்கு மெடிகேர்: எப்போது, எதற்கு, எப்படிப் பதிவு செய்வது

அமெரிக்காவில் பெற்றோரை அழைத்து வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் மெடிகேர் பேச்சு எடுத்த எடுப்பிலேயே "எந்த பிளான் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் வேலை பார்த்துச் சேர்த்த சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்) கிரெடிட் எத்தனை? கிரீன் கார்டோடு இங்கே குடியிருந்தது எத்தனை ஆண்டு? இவை தெரிந்தால் எந்த மாதத்தில் எதற்கு விண்ணப்பிப்பது என்பது தானாகவே தெளிந்துவிடும். பிளான் சரியில்லை என்றால் பெரும்பாலும் அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ளலாம். தேதியைத் தவறவிட்டால்தான் வாழ்நாள் முழுக்க அபராதம்.

கீழே வரும் டாலர் தொகைகள் 2026ஆம் ஆண்டுக்குரியவை. இவை ஆண்டுதோறும் மாறும். இன்னொன்று: மெடிகெய்டு வேறு, மெடிகேர் வேறு. மெடிகெய்டு வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலம் நடத்துவது. மெடிகேர் முதன்மையாக 65 வயதானவர்களுக்கு மத்திய அரசு நடத்துவது.

65 வயது மட்டும் போதாது

மெடிகேரில் பார்ட் ஏ என்பது மருத்துவமனைப் படுக்கைக்கு. பார்ட் பி என்பது டாக்டர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வெளிநோயாளி சிகிச்சைக்கு. பார்ட் டி மருந்துக்கு.

பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்க 40 கிரெடிட் வேண்டும். ஒரு வருடத்தில் அதிகபட்சம் நான்குதான் சேரும் என்பதால் பத்தாண்டு வேலை என்று வைத்துக்கொள்ளலாம். 2026இல் ஒரு கிரெடிட்டுக்கு 1,890 டாலர் சம்பாதிக்க வேண்டும். நான்கும் சேர 7,560 டாலர். பகுதி நேர வேலையிலேயே இது வந்துவிடும். கணவன் மனைவியில் ஒருவருக்கு 40 இருந்தால் போதும். அவருக்கு 62 வயதாகியிருந்து, திருமணமாகி ஓராண்டு ஆகியிருந்தால், 65 வயதான மற்றவருக்கும் பார்ட் ஏ இலவசம்.

இந்தியாவில் முப்பது வருடம் அரசுப் பணியில் இருந்ததெல்லாம் இந்தக் கணக்கில் ஒரு கிரெடிட்கூட ஆகாது. "சிட்டிசன்ஷிப் வாங்கிவிட்டால் எல்லாம் ஃப்ரீ" என்று பலர் நம்புவதும் தவறு. குடியுரிமை கிடைத்தால் ஐந்தாண்டுக் காத்திருப்புத்தான் தேவைப்படாது. கிரெடிட் இல்லாத குடிமகனும் பார்ட் ஏவுக்குப் பணம் கட்டத்தான் வேண்டும்.

கட்ட வேண்டிய தொகை இது: 30 முதல் 39 கிரெடிட் வரை இருந்தால் மாதம் 311 டாலர், அதற்கும் குறைவென்றால் 565 டாலர். பார்ட் பிக்கு, கிரெடிட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 202.90 டாலர். ஆக, கிரெடிட்டே இல்லாத ஒருவருக்கு ஏ, பி இரண்டுக்கும் சேர்த்து மாதம் 767.90 டாலர்; அப்பா அம்மா இருவருக்கும் 1,535.80 டாலர். இந்தத் தொகையை முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். பல குடும்பங்களின் முடிவை இதுதான் தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு குறுக்கு வழி யோசனை அடிக்கடி கிளம்பும். "அம்மா பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அதற்கு நானே சம்பளம் போட்டு வரி கட்டினால் கிரெடிட் சேருமே?" சேராது. பிள்ளை வீட்டில் பெற்றோர் செய்யும் வீட்டு வேலைக்கான சம்பளம் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டிக்குள் வராது. பிள்ளை துணையை இழந்தவராகவோ மணமுறிவு பெற்றவராகவோ இருப்பது போன்ற குறுகிய விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. உடம்பில் தெம்பிருக்கும் பெற்றோர் கடையிலோ பள்ளி உணவகத்திலோ பகுதி நேரமாக வேலை பார்ப்பது கணக்கில் சேரும். 65 வயதுக்குப் பின் பார்க்கும் வேலையும் சேரும்.

கிரீன் கார்டும் ஐந்தாண்டும்

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு, நம்மவர்களைப் பொறுத்தவரை மெடிகேருக்கு வழி இரண்டுதான்: குடியுரிமை அல்லது கிரீன் கார்டு. எச்1பி விசாவிலேயே இருபது வருடம் வரி கட்டி 40 கிரெடிட் சேர்த்து, கிரீன் கார்டு வரிசையில் நின்றபடியே 65ஐத் தொட்டவருக்கும் இப்போது இடமில்லை. புகலிடம் பெற்று இன்னும் கிரீன் கார்டு எடுக்காத இலங்கைத் தமிழர்களுக்கும் இதே நிலைதான். அந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவதற்கு இனி நியாயமே இல்லை.

சொந்தமாகவோ துணைவர் மூலமாகவோ 40 கிரெடிட் உள்ள கிரீன் கார்டுக்காரருக்கு ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது. பிள்ளை ஸ்பான்சர் செய்து வந்த பெற்றோருக்கு அது முழுமையாகப் பொருந்தும்: இங்கே தொடர்ந்து ஐந்தாண்டு குடியிருந்திருக்க வேண்டும். கிரீன் கார்டில் எந்த நாளிலிருந்து நிரந்தரக் குடியிருப்பு என்று ஒரு தேதி அச்சாகியிருக்கும். எண்ணத் தொடங்க வேண்டியது அங்கிருந்து. அதற்கு முன் சுற்றுலா விசாவில் ஆறு ஆறு மாதமாக வந்து போனதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம்.

"தொடர்ந்து" என்ற சொல்லில்தான் சிக்கல். ஊரில் கல்யாணம், கண் ஆபரேஷன், வீடு விற்பனை என்று போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி கேள்விக்குள்ளாகும். மார்கழியில் போய் சித்திரை முடிந்து திரும்புகிறவர்களுக்குப் பிரச்சினையில்லை. ஆடி வரை நீட்டுகிறவர்களுக்கு உண்டு. பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வந்த தேதி, போன தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி வையுங்கள். அலுவலகத்தில் கேட்டால் அந்தத் தாள் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அப்பாவுக்கு வயது 70, கிரீன் கார்டுத் தேதி 2021 ஜூன். 2026 ஜூனில் ஐந்தாண்டு முடிகிறது. ஏற்கெனவே 65ஐத் தாண்டிவிட்டதால் அவருடைய பதிவுக் காலம் பிறந்தநாளை ஒட்டி வராது. ஐந்தாண்டு முடியும் மாதத்தை ஒட்டி வரும்: அதற்கு முந்தைய மூன்று மாதம், அந்த மாதம், பிந்தைய மூன்று மாதம். அதாவது மார்ச் முதல் செப்டம்பர் வரை. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு "தாமதமாக வந்தீர்கள்" என்று அபராதம் போட மாட்டார்கள். தகுதியே இல்லாத காலத்துக்கு ஏது தாமதம்? ஆனால் அக்டோபர் பிறந்துவிட்டால் கதை மாறிவிடும். மார்ச்சிலேயே போன் செய்து நேர்காணலுக்கு நாள் வாங்கிவிடுங்கள்.

65 வயதிலேயே தகுதி பெறுகிறவருக்கும் இதே ஏழு மாதக் கணக்குத்தான், பிறந்த மாதத்தை நடுவில் வைத்து. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் ஒரு மாதம் முன்னதாக வரும்.

ஐந்தாண்டு முடியும் வரை

வந்து இறங்கியதும் 60 நாளுக்குள் ஹெல்த்கேர்.கவ் அல்லது உங்கள் மாநிலத்தின் மார்க்கெட்பிளேஸில் (தனியார் காப்பீடுகளை வாங்குவதற்கான அரசுச் சந்தை) காப்பீடு எடுக்கலாம். அந்த 60 நாளை விட்டால் ஆண்டிறுதிப் பதிவுக் காலம் வரை காத்திருக்க வேண்டும். முன்பிருந்தே உள்ள சர்க்கரை, இதய நோயைக் காரணம் காட்டி மார்க்கெட்பிளேஸில் மறுக்க முடியாது. விசிட்டர் இன்ஷூரன்ஸ் அப்படியல்ல, பழைய நோயைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். கிரீன் கார்டில் வந்த பெற்றோரை அதிலேயே வருடக்கணக்கில் வைத்திருப்பது ஆபத்தான சிக்கனம்.

மார்க்கெட்பிளேஸ் பிரீமியத்துக்குக் கிடைக்கும் வரிச் சலுகைக்கு ஒரு முடிச்சு உண்டு. பெற்றோரை உங்கள் வரிப் படிவத்தில் சார்ந்திருப்போராகக் காட்டினால், சலுகைக்கு உங்கள் குடும்ப வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். இருவர் ஐ.டி. சம்பளம் வாங்கும் வீட்டில் சலுகை அத்தோடு போய்விடும். பெற்றோர் தனியாகப் படிவம் தாக்கல் செய்தாலும், 2026 முதல் வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானம் உள்ள கிரீன் கார்டுக்காரருக்கு முன்பு இருந்த சலுகை இல்லை. வரி ஆலோசகரிடம் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஐந்தாண்டு முடிந்த பிறகும், பார்ட் ஏவுக்குப் பணம் கட்ட வேண்டிய நிலையில் இருப்பவர் மெடிகேருக்கு மாறாமல் மார்க்கெட்பிளேஸிலேயே தொடரலாம். சிலருக்கு அது மலிவும்கூட. ஆனால் அங்கே இருக்கும் காலமெல்லாம் பார்ட் பியின் அபராத மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பார்ட் பி மட்டும் எடுத்தால்

565 டாலரைத் தவிர்க்க, பார்ட் பியையும் பார்ட் டியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. விதிப்படி முடியும். டாக்டர், பரிசோதனை, மருந்து எல்லாம் நடக்கும். ஆனால் ஒரு பக்கவாதமோ இடுப்பு எலும்பு முறிவோ வந்து மருத்துவமனையில் படுத்தால் அந்த பில் முழுக்க உங்கள் தலையில். தவிர, ஏ, பி இரண்டும் இல்லாமல், மீதிச் செலவை ஏற்கும் மெடிகேப்பும் வாங்க முடியாது, தனியார் நிறுவனம் நடத்தும் அட்வான்டேஜிலும் சேர முடியாது. பார்ட் ஏவைப் பிறகு வாங்கலாம் என்று விட்டால், ஜனவரி முதல் மார்ச் வரைதான் வாங்க முடியும். 10 சதவீத அபராதமும் சேரும். தள்ளிப்போட்ட ஆண்டுகளைப் போல இரண்டு மடங்கு காலத்துக்கு.

வருமானமும் சேமிப்பும் குறைந்த பெற்றோர் என்றால், மாநில மெடிகெய்டு அலுவலகத்தில் மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராம் என்று கேளுங்கள். அதில் கியூ.எம்.பி. என்ற வகை கிடைத்தால் ஏ, பி இரண்டின் பிரீமியத்தையும் மாநிலமே கட்டும். ஸ்பான்சர் செய்தபோது நீங்கள் கையெழுத்திட்ட ஆதரவுப் பத்திரத்தை வைத்து உங்கள் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கக்கூடும். மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். பெற்றோர் குடியுரிமை பெற்றதும் அந்தப் பொறுப்பு முடிகிறது. குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்க இதைவிடக் கைமேல் பலன் தரும் காரணம் கிடையாது.

இன்னும் வேலையில் இருக்கும் 65 வயதுக்காரர்கள்

தொண்ணூறுகளில் எச்1பியில் வந்தவர்கள் இப்போது வரிசையாக 65ஐத் தொடுகிறார்கள். இவர்களுக்கு கிரெடிட் பிரச்சினையில்லை, தேதிதான் பிரச்சினை. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்கத் தொடங்கி நான்கு மாதமாவது ஆனவருக்கு ஏ, பி தானாக வரும். 67 வரை வேலை பார்க்கலாம் என்று இருப்பவருக்கு எதுவும் தானாக வராது.

நிறுவனத்தில் 20 பேராவது வேலை பார்த்தால், நீங்களோ உங்கள் துணைவரோ வேலையில் இருக்கும் வரை பார்ட் பியைத் தள்ளிப்போடலாம். வேலையோ அந்தக் காப்பீடோ, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து எட்டு மாதத்துக்குள் அபராதமின்றிச் சேரலாம். இருபது பேருக்குக் குறைவான நிறுவனமென்றால் மெடிகேர்தான் முதலில் பணம் கொடுக்க வேண்டியது. நீங்கள் சேராமல் இருந்தால், மெடிகேர் கொடுத்திருக்க வேண்டிய பங்கைத் தர முடியாது என்று கம்பெனிக் காப்பீடு கைவிரிக்கலாம்.

வழுக்கி விழும் இடம் கோப்ரா, அதாவது வேலை போன பிறகும் கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடர்வது. வேலை போன பிறகு கோப்ராவில் பதினெட்டு மாதம் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். கோப்ரா "வேலையில் இருப்பவரின் காப்பீடு" ஆகாது. எட்டு மாதக் கணக்கு வேலை முடிந்த அன்றே ஓடத் தொடங்கிவிடும்.

எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடுகிறவர்கள் மெடிகேருக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள். 65ஐத் தாண்டி விண்ணப்பித்தால் இலவச பார்ட் ஏவை ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுக் கொடுப்பார்கள். அந்த மாதங்களில் போட்ட பணத்துக்கு வரி அபராதம் வரும்.

அபராதம் எவ்வளவு

பார்ட் பியில் தாமதித்த ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் 10 சதவீதம். 26 மாதம் தாமதித்தால் இரண்டு முழு ஆண்டு, 20 சதவீதம்: 202.90க்குப் பதில் 243.50 டாலர். பார்ட் பி இருக்கும் வரை இது தொடரும். அடிப்படைத் தொகை ஏற ஏற அபராதமும் ஏறும். பார்ட் டிக்கு மாதத்துக்கு 1 சதவீதம், 38.99 டாலர் என்ற தேசிய அடிப்படைத் தொகையின் மீது. அதே 26 மாதத்துக்கு மாதந்தோறும் 10.10 டாலர் கூடும். மாத்திரையே சாப்பிடாதவர்களும் இருப்பதிலேயே மலிவான பார்ட் டியை எடுத்து வைப்பது இதனால்தான்.

பதிவுக் காலத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு வாய்ப்பு: ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை. பதிவு செய்த அடுத்த மாதம் முதல் காப்பீடு தொடங்கும்.

மெடிகேப்பா, அட்வான்டேஜா?

ஏ, பி மட்டும் வைத்துக்கொண்டு இருப்பது ஓட்டை வாளி. மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் 1,736 டாலர் உங்களுடையது. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை அல்ல; வீடு திரும்பி 60 நாள் கழித்து மறுபடி சேர்ந்தால் மறுபடியும் 1,736. பார்ட் பியில் ஆண்டுக்கு முதல் 283 டாலரும், அதன் பிறகு 20 சதவீதமும் உங்கள் பங்கு. அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே இல்லை. புற்றுநோய்க்கு ஊசி மருந்து போடும்போதுதான் அதன் பயங்கரம் தெரியும்.

ஓட்டையை அடைக்க ஒரு வழி மெடிகேப். ஏ, பி கொடுத்தது போக மீதியை அது கொடுக்கும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் வாங்குவது பிளான் ஜி. அதில் 283 டாலரைத் தவிர பார்ட் பியின் மீதிப் பங்கு எல்லாம் அடங்கிவிடும். பிளான் என் கொஞ்சம் மலிவு, டாக்டரைப் பார்க்கும்போது 20 டாலர் வரை கட்ட வேண்டும். மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும், எந்த மாநிலத்திலும் போகலாம். மருந்துக்குத் தனியாகப் பார்ட் டி எடுக்க வேண்டும்.

மற்றது மெடிகேர் அட்வான்டேஜ். ஏ, பி இரண்டையும் ஒரு தனியார் நிறுவனம் தன் கையில் எடுத்துக்கொள்ளும். தனி பிரீமியம் பெரும்பாலும் இல்லை அல்லது குறைவு. பல், கண்ணாடி, காது கருவி என்று சில சலுகைகளும் சேர்ந்து வரும். பதிலுக்கு, அவர்களுடைய நெட்வொர்க்கில் உள்ள டாக்டர்தான். ஸ்கேனுக்கும் அறுவைக்கும் பல சமயம் முன் அனுமதி வேண்டும். நெட்வொர்க்குக்குள் ஆண்டுச் செலவுக்கு 9,250 டாலருக்கு மேல் போகாத ஒரு வரம்பு உண்டு என்பது நல்ல விஷயம்.

உடம்பு நன்றாக இருக்கும்போது அட்வான்டேஜ் எடுத்துவிட்டு, நோய் வந்ததும் மெடிகேப்புக்குப் போகலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் அது நடக்காது. பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதம் மட்டுமே எந்த நோயைப் பற்றியும் கேட்காமல் மெடிகேப் தர வேண்டும். அதன் பின் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம், விலையை ஏற்றலாம். நியூயார்க், கனெடிகட் போல எப்போதும் தர வேண்டிய மாநிலங்கள் சிலவே. 65 வயதில் முதன்முதலாகச் சேரும்போதே அட்வான்டேஜ் எடுத்தவர் மட்டும் 12 மாதத்துக்குள் மனம் மாறித் திரும்பலாம். எங்கள் கருத்து: சர்க்கரையோ இதய நோயோ ஏற்கெனவே உள்ளவருக்கு, மாதப் பணம் கட்ட முடிந்தால், மெடிகேப்பே நிம்மதி. ஒரே ஊரில், ஒரே டாக்டர் குழுவிடம் இருப்பவருக்கு அட்வான்டேஜ் மோசமில்லை.

இந்தியப் பயணமும் இதில் வருகிறது. சென்னையில் நெஞ்சுவலி வந்து சேர்த்தால் மெடிகேர் ஒரு காசு தராது. மெடிகேப் ஜி, என் போன்றவற்றில் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசர சிகிச்சைக்கு, 250 டாலர் போக 80 சதவீதம் கிடைக்கும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். மூன்றாம் மாதத்துக்குத் தனிப் பயணக் காப்பீடு வேண்டும். அட்வான்டேஜ் எடுத்தவர் தன் பகுதியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக பிளானிலிருந்தே நீக்கப்படுவார்.

மாத்திரைப் பட்டியல்

மெடிகேர்.கவ் தளத்தில் மருந்துகளையும் பக்கத்து மருந்துக் கடையையும் உள்ளிட்டால் எந்த பார்ட் டி மலிவு என்று காட்டும். ஆனால் அங்கே "டெல்மா", "கிளைகோமெட்" என்று ஊர் பிராண்டுப் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் உள்ள மூலப்பெயரை எடுங்கள்: டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் என்று. அப்போது இன்னொன்றும் தெரியவரும். நம் ஊரில் சர்க்கரைக்கு அதிகம் எழுதப்படும் வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின், கிளிக்லசைட் ஆகியவை அமெரிக்காவில் அனுமதி பெற்றவை அல்ல. எந்தப் பார்ட் டியிலும் அவற்றைத் தேடிப் பயனில்லை. முதலில் இங்கே ஒரு டாக்டரைப் பார்த்து மாற்று மருந்து எழுதி வாங்குங்கள், பிறகு பிளான் தேடுங்கள். இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் அடைத்த கலவைகளை இங்கே பெரும்பாலும் தனித்தனியாகத்தான் எழுதித் தருவார்கள்.

பார்ட் டியில் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உங்கள் கைச்செலவு ஆண்டுக்கு 2,100 டாலரைத் தாண்டாது. இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. அக்கி (ஷிங்கிள்ஸ்) போன்றவற்றுக்கான தடுப்பூசிகள் இலவசம். மருந்துப் பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தீபாவளி எந்தத் தேதியில் வந்தாலும் இந்தக் காலத்துக்குள்தான் விழும். பலகாரத்தோடு இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

எமர்ஜென்சி வழியாகப் போய் வார்டில் கட்டில் கொடுத்துவிட்டார்கள் என்பதால் "அட்மிட்" ஆகிவிட்டதாகப் பொருளில்லை. "இன்பேஷன்டா, அப்சர்வேஷனா?" என்று தினமும் கேளுங்கள். அப்சர்வேஷன், அதாவது உள்நோயாளியாகச் சேர்க்காமல் கண்காணிப்பில் மட்டும் வைத்திருப்பது, என்றால் பார்ட் பி கணக்கு. அதைவிட முக்கியம், இன்பேஷன்டாக மூன்று நாள் இருந்தால்தான் அதன் பிறகு மறுவாழ்வு மையத்துக்கு மெடிகேர் பணம் தரும். அதில் முதல் 20 நாள் இலவசம், 21 முதல் 100ஆம் நாள் வரை நாளுக்கு 217 டாலர். மூன்று இரவும் அப்சர்வேஷனில் கழிந்திருந்தால் முதல் நாளிலிருந்தே உங்கள் பணம். அட்வான்டேஜ் பிளான்கள் பெரும்பாலும் இந்த மூன்று நாள் நிபந்தனையைக் கேட்பதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் இலவச வெல்னெஸ் விசிட்டை ஊரில் செய்யும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் பேச்சும் கேள்வியும்தான். "அப்படியே முழங்கால் வலியையும் பாருங்கள்" என்றால் அது தனி விசிட்டாகி பில் வரும். எழுந்து நிற்கவும் குளிக்கவும் ஆள் துணை மட்டுமே தேவைப்படும் நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிகேர் எதுவும் தராது.

விண்ணப்பிக்கும் நாள்

விண்ணப்பம் மெடிகேர் அலுவலகத்தில் அல்ல, சோஷியல் செக்யூரிட்டியில். 1-800-772-1213 என்ற எண்ணில் அழைத்து நேர்காணல் நாள் வாங்கலாம். இங்கே பிறந்து வேலை பார்த்தவருக்கு இணையத்தில் பத்து நிமிட வேலை. ஐந்தாண்டுக் கணக்கைக் காட்ட வேண்டிய பெற்றோருக்கு நேரில் போவதே சுலபம். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாள் வாங்கும்போதே சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. கொண்டுபோக வேண்டியவை: கிரீன் கார்டு, பழைய புதிய பாஸ்போர்ட்டுகள், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, பயணத் தேதித் தாள், இங்கே குடியிருந்ததற்கு வங்கி அறிக்கை, வரிப் படிவம் போன்ற ஏதாவது. ஐம்பதுகளில் பிறந்த பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்காது; பள்ளி இறுதிச் சான்றிதழ் இருந்தால் எடுத்துப் போங்கள். கம்பெனிக் காப்பீட்டிலிருந்து வருகிறவருக்கு சி.எம்.எஸ். 40பி என்ற விண்ணப்பமும், முதலாளி நிரப்பித் தர வேண்டிய சி.எம்.எஸ். எல்564 படிவமும் வேண்டும். வேலையை விடும் வாரத்திலேயே மனிதவளத் துறையிடம் அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

நம் பெயர்கள் இங்கே தனி வம்பு. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் முன்பின்னாக ஏறியிருக்கும். மெடிகேர் அட்டைப் பெயர் சோஷியல் செக்யூரிட்டி பதிவிலிருந்துதான் வரும். அங்கே பிழையிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பிறகு மெடிகேப்புக்கும் பார்ட் டிக்கும் விண்ணப்பிக்கும்போது அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

பிளான் தேர்வுக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை உண்டு. கலிபோர்னியாவில் அதன் பெயர் ஹைகேப், ஃபுளோரிடாவில் ஷைன். அவர்களுக்கு விற்க எதுவுமில்லை. கோயில் விழாவில் மேசை போட்டிருக்கும் ஏஜென்ட் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்குக் கமிஷன் உண்டு. அதை மனதில் வைத்துக் கேளுங்கள். மெடிகேரிலிருந்து பேசுகிறோம், அட்டை எண்ணைச் சொல்லுங்கள் என்று திடீரென்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

நிலம் விற்றால்

வருமானம் அதிகமுள்ளவருக்கு பார்ட் பி, டி இரண்டிலும் கூடுதல் கட்டணம் உண்டு. 2026 கட்டணத்துக்கு 2024 வரிப் படிவத்தைப் பார்ப்பார்கள். தனிநபருக்கு 109,000 டாலர், தம்பதிக்கு 218,000 டாலர் தாண்டினால் பார்ட் பி 202.90இலிருந்து 284.10க்குத் தாவும். மேலே இன்னும் படிகள் உண்டு. தாம்பரத்தில் என்றோ வாங்கிய மனையை விற்ற லாபமும் அமெரிக்க வரிப் படிவத்தில் வருமானம்தான். இரண்டு வருடம் கழித்து அது மெடிகேர் பில்லில் எட்டிப் பார்க்கும். ஓய்வு பெற்றதால் வருமானம் குறைந்தவர் எஸ்.எஸ்.ஏ. 44 படிவம் போட்டுக் குறைக்கச் சொல்லலாம். நிலம் விற்றதற்கு அந்தப் படிவம் செல்லாது. அந்த ஓராண்டுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும்.

பணம் கட்டுவது

ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு பார்ட் பி அதிலேயே பிடித்தமாகிவிடும். ஓய்வூதியம் இல்லாத பெற்றோருக்குத் தபாலில் பில் வரும்: பார்ட் பி மட்டும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பார்ட் ஏவுக்கும் கட்டுகிறவருக்கு மாதாமாதம். அவர்கள் திருச்சியில் இருக்கும்போது அந்தத் தபால் இங்கே பிரிக்கப்படாமல் கிடந்து, நினைவூட்டல்களும் தாண்டிப் போய், காப்பீடு ரத்தாகிவிட்டால் மறுபடி ஜனவரிக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் மெடிகேர் ஈஸி பே படிவத்தை நிரப்பி, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். அது நடைமுறைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை வரும் பில்லைக் கையால் கட்டுங்கள்.